ஏழாவது ஊசி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் நலமாக இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் யாராவது வேலை மெனக்கெட்டு எனக்குத் தெரிவித்திருப்பார்கள். இங்கே உன் அத்தானின் முழங்கால்கள் பழையபடி. என் இரண்டு கண்களிலும் புரை முற்றிவிட்டது. இந்தக் கடிதத்தின் வரிகள் ஏறி இறங்குவதற்கு அதுதான் காரணம், மனநிலை அல்ல.

நான் தொலைபேசியை எடுத்தாலே உன் அத்தான் அடுத்த அறையில் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிறார். ஆகவே இதை உன் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். பதிலை என் பழைய கல்லூரித் துறைக்குப் போடு. மேசையைப் பிடுங்கிக்கொண்டார்களே தவிர, என் பெயருக்கு வரும் தபாலை இன்னும் எடுத்து வைக்கிறார்கள்.

காவல் நிலையத்திலிருந்து சில்லுவின் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். விபத்து என்று எழுதிக் கோப்பையும் மூடிவிட்டார்கள். அதில் கடைசியாக ஏழு படங்கள் இருக்கின்றன. ஏழும் அவள் குடியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடியில் அன்று மாலை எடுத்தவை. என் மகள் மனிதர்களைப் படமெடுக்க மாட்டாள் என்பது உனக்குத் தெரியும். பக்கத்து மாடிகள், துணிக்கொடிகள், ஆன்டெனாக்கள், இவைதான் அவளுக்கு உறவினர்கள்.

இடித்துத் தள்ளிய ஒரு திரையரங்கை, எவரெவரோ எடுத்த பழைய படங்களிலிருந்து எழுப்பி, தட்டில் தூக்கிக் காட்டும் அளவில் மாதிரி செய்ததாகப் போன ஆண்டு பெருமையடித்தாய். படமெடுத்தவர் ஒவ்வொருவரும் எங்கே நின்றார் என்பதுகூட அதில் தெரியும் என்றாய். எனக்கு அது மட்டும் போதும். கடைசிப் படத்தை எடுத்தபோது அவள் கைப்பிடிச் சுவருக்கு உள்ளே நின்றாளா, வெளியே நின்றாளா?

நாங்கள் போனபோது மாடிக் கதவைப் பூட்டியிருந்தார்கள். திறந்திருந்தாலும் உன் அத்தானால் அத்தனை படி ஏறியிருக்க முடியாது. இப்போது ஒவ்வொரு வேளை சாப்பாட்டிலும் ஒரே கேள்வி. “தவறித்தானே விழுந்தா?” நான் “சாப்பிடுங்க” என்கிறேன். இந்த உரையாடலுக்கு நாங்கள் இருவரும் நல்ல தேர்ச்சி பெற்றுவிட்டோம்.

கைபேசியைத் தனிப் பொதியாக அனுப்பியிருக்கிறேன். உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா

*

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் சுகம். புரையை இத்தனை நாள் வளரவிட்டிருக்க வேண்டாம், அக்கா. சீக்கிரம் அறுவை செய்துகொள்ளுங்கள்.

பொதி வந்தது. அதைத் திறக்கவே எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. செய்து தருகிறேன். வேறு யாரிடமும் கொடுக்காமல் நானே செய்கிறேன்.

எதிர்மாடியில் ஒரு துணிக்கொடிக் கம்பம் இருக்கிறது. அது ஏழு படங்களில் ஏழு இடத்தில் விழுந்திருக்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் கணினி பிடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோட்டைப் பின்னால் இழுக்கும். கோடுகள் போய்ச் சேருகிற இடம்தான் கேமரா. உங்களுக்கே இதையெல்லாம் விளக்குகிறேன் பாருங்கள்! உங்கள் பொறியியல் வரைபட வகுப்பில் இருந்திருந்தால் பென்சில் முனை மொட்டையாக இருக்கிறதென்று வெளியே அனுப்பியிருப்பீர்கள்.

ஒரு சிக்கல். படங்கள் வடிவத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. பொம்மை வீட்டைக் கிட்ட நின்று எடுத்தாலும், நிஜ வீட்டைத் தள்ளி நின்று எடுத்தாலும் படம் ஒன்றுபோலத்தான் வரும். நீளம் தெரிந்த பொருள் ஏதாவது ஒன்று வேண்டும். இரண்டாம் படத்தில் சில்லுவின் செருப்புகள் சுவரோரமாகச் சேர்த்து வைத்தபடி இருக்கின்றன. அவை உங்களிடம் இருந்தால் அளந்து எழுதுங்கள்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்லுங்கள். அல்லது சொல்லாதீர்கள். உங்களுக்கே தெரியும்.

தம்பி

*

ஜனவரி 29

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ சொன்னதால் அல்ல, துறையில் ஒரு பெண்ணை வேறொரு பெண் என்று நினைத்து அவள் கணவனை விசாரித்துவிட்டதால், கண் மருத்துவரிடம் நாள் கேட்டிருக்கிறேன்.

செருப்பு இருபத்து நான்கு சென்டிமீட்டர். வலது குதிகாலில் தேய்மானம் அதிகம், அதைக் கழிக்கவில்லை.

சேர்த்து வைத்தபடி இருக்கின்றன என்று எழுதியிருந்தாய். நடக்கக் கற்ற நாளிலிருந்து என் மகள் செருப்பைச் சேர்த்து விட்டதே கிடையாது. ஒன்று வாசலில் கிடந்தால் மற்றது கட்டிலடியில் கிடக்கும். இதிலிருந்து நான் எதையும் முடிவுகட்டவில்லை. அளவு கேட்டாய், கொடுத்துவிட்டேன்.

உன் அத்தான் முப்பது ஆண்டுகள் குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓர் ஊருக்கே மேடேற்றித் தண்ணீர் கொடுத்தவர். இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தம்ளரை என்னிடம் கேட்டு வாங்குகிறார். நேற்று அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். “உன் தம்பி கண்டுபிடிச்சிடுவானா?” என்றார். “பிடிச்சிடுவான்” என்றேன். தம்ளரைத் தானே எடுத்துக் குடித்தார்.

ஆகவே தாமதிக்காதே. உன் மனைவிக்கு என் அன்பு.

அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? இங்கே வேலை மிகுதி, அதனால்தான் எழுதவில்லை. “உன் மனைவி எப்படி?” என்று நீங்கள் கேட்பதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்: அவளுக்குப் பல்வலி. முகம் ஒரு பக்கம் வீங்கி, பேச முடியாமல் போனதில் வீடு அமைதியாக இருக்கிறது.

படங்கள் மாலை வெளிச்சத்தில் எடுத்தவை, நிழல் அதிகம். மென்பொருள் சரியாக ஒத்துழைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கண்ணுக்கு அவசரம் ஒன்றுமில்லை, அக்கா. நல்ல மருத்துவராகப் பார்த்து, நிதானமாகச் செய்துகொண்டால் போதும்.

தம்பி

*

மார்ச் 11

தம்பிக்கு,

உன் மனைவியின் பல் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். அவள் பேச ஆரம்பித்திருந்தால் நீ செய்வது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருப்பாள்.

சீக்கிரம் அறுவை செய்துகொள் என்றாய். இப்போது அவசரமில்லை என்கிறாய். நிழல் அதிகம் என்கிறாய். நிழல் இருந்தால் வேலை எளிது என்பதைக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவளிடம் இதைச் சொல்கிறாய்.

பரிதாபம் பார்த்து எனக்கு எதையும் குறைத்துக் கொடுக்காதே. மகளை அடையாளம் காட்டியவள் நான். உன் அத்தான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் நீ எனக்கு என்ன காட்டிவிடப் போகிறாய்? மாதிரியை அனுப்பு.

அறுவை ஏப்ரல் கடைசியில். இரண்டு கண்ணும் ஒரு வார இடைவெளியில். உடல்நலம் பேணு.

அக்கா

*

ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

வணக்கம். இருவரும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். மறைக்க ஒன்றுமில்லை; நல்ல செய்தி என்று சொல்ல முடியாது, ஆனால் மனம் ஆறுகிற செய்தி.

பெட்டியில் இருப்பது அந்த மொட்டைமாடி. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் அச்சிட்டது, சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியது. மாடிப்படி அறை, தளத்தின் நடுவில் தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் கைப்பிடிச் சுவர். அதற்கு வெளியே ஓர் ஆள் கால் வைக்கிற அகலத்தில் சிமென்ட் விளிம்பு ஒன்று ஓடுகிறது. சிவப்புத் தலை ஊசிகள் ஏழும் அவள் நின்று படமெடுத்த இடங்கள். முதல் ஐந்தும் தளத்தில் அங்கங்கே. ஆறும் ஏழும் தெற்கு மூலையில். எல்லாமே சுவருக்கு உள்ளேதான். தயவுசெய்து நன்றாகப் பாருங்கள், உள்ளேதான்.

சுவர் இடுப்புக்கும் கீழே. அந்த உயரத்தில் சுவர் கட்டியவனை என்ன சொல்வது? எட்டிப் படமெடுத்திருக்கிறாள், நிலை தடுமாறியிருக்கிறது. அத்தான், நீங்கள் முதலிலிருந்து சொன்னதுதான். தவறித்தான்.

அக்கா, கண்ணை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள்.

உங்கள் தம்பி

*

ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பெட்டி உடையாமல் வந்தது. உன் கடிதத்தை உன் அத்தான்தான் எனக்குப் படித்துக் காட்டினார், இரண்டு முறை. மாதிரியைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறார். நாங்கள் தட்டை ஓரமாகத் தள்ளிச் சாப்பிடுகிறோம்.

எனக்கு அது ஒரு வெள்ளைத் திட்டாகத்தான் தெரிகிறது. நாளை முதல் கண்.

அக்கா

*

மே 24

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் இருவரின் நலத்தையும் கேட்டதாக எடுத்துக்கொள். என் கண்கள் நன்றாகிவிட்டன. எல்லாம் அநியாயத்துக்குத் தெளிவாகத் தெரிகிறது. முதலில் தெரிந்தது என் கழுத்து. அடுத்தது உன் குழாய்.

தெற்கு மூலையில் வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு தண்ணீர்க் குழாய் ஏறுகிறது. சுவரைத் தாண்டி உள்ளே வளைகிறது. ஏழாவது ஊசியின் காலடியில், வெறும் தளத்தில் முடிந்துவிடுகிறது. அது யாருக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது, தம்பி?

கைபேசியை உனக்கு அனுப்புவதற்குமுன் ஏழு படங்களையும் ஸ்டுடியோவில் கொடுத்து அச்சுப் போட்டு வைத்திருந்தேன். நகல் எடுக்காமல் எதையும் தபாலில் போடும் வழக்கம் எனக்கில்லை. அப்போது அவை எனக்கு வெறும் மங்கல். இப்போது வரைபலகையைப் பரணிலிருந்து இறக்கி, துறையில் ஒரு மூலையில் போட்டுக்கொண்டு, பென்சிலும் நூலும் அளவுகோலுமாக உட்கார்ந்தேன். உன் கணினி நொடியில் செய்வதைச் செய்ய எனக்குப் பத்து நாள் ஆனது.

முதல் படத்திலேயே தொட்டி தெரிகிறது. தெற்கு மூலையில், கைப்பிடிச் சுவரோடு ஒட்டி, இடையில் ஒரு பூனைகூட நுழைய முடியாதபடி நிற்கிறது. ஆறாம், ஏழாம் படங்களின் கோடுகளைப் பின்னால் இழுத்தேன். இரண்டும் அந்த மூலைக்குத்தான் வருகின்றன. உள்ளே அவள் நிற்க வேண்டிய இடத்தில் தொட்டி நிற்கிறது. மிஞ்சியிருப்பது வெளியே இருக்கும் விளிம்பு. சுவரைத் தாண்டி இறங்கி, விளிம்பில் நடந்து, தொட்டியைக் கடந்து, அந்த மூலையில் நின்று, எதிர்மாடியின் துணிகளை இரண்டு முறை படமெடுத்திருக்கிறாள். இரண்டும் ஆடாமல் அசையாமல் வந்திருக்கின்றன. கை நடுங்கவில்லை.

ஊசிகளை உள்ளே வைப்பதற்காக நீ தொட்டியைத் தளத்தின் நடுவுக்குத் தள்ளியிருக்கிறாய். நிரம்பிய தொட்டியைத் தன்னந்தனியாக நகர்த்திய முதல் மனிதன் நீதான். ஆனால் குழாயை மறந்துவிட்டாய்.

திட்டுவதற்காக எழுதவில்லை. எனக்கு விடை கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்கிறேன் என்பது என் பாடு. இப்போது பிரச்சினை உன் அத்தான். அவர் மாதிரியைக் கையால் தடவிக்கொண்டே இருக்கிறார். சுவரைத் தொட்டு, “எவ்வளவு தாழ்வா கட்டியிருக்கான் பாரு, படுபாவி” என்கிறார். அவருக்குக் கோபப்பட ஒரு சுவர் கிடைத்திருக்கிறது. அதற்குப் பிறகு வயிறாரச் சாப்பிடுகிறார். நேற்று விரல் குழாயைப் பிடித்துக்கொண்டு போய், அது முடியும் இடத்தில் நின்றுவிட்டது.

“இது எங்கே போகுது?” என்றார்.

“என் தம்பி வேலை அப்படித்தான். பள்ளிக்கூடத்துல ஜியாமெட்ரியில அவன் வாங்கின மார்க்கைச் சொல்லவா?”

சிரித்தார். சில்லு போனபிறகு இப்போதுதான்.

ஆனால் அவர் குழாய்களோடு வாழ்ந்தவர். நாளைக்கு மறுபடி கேட்பார். ஆகவே நான் சொல்கிறபடி புதிதாக ஒன்று செய். தொட்டியை நீ வைத்த இடத்திலேயே விடு. குழாயைத் தெற்கு மூலையிலிருந்து எடுத்துவிட்டு, மாடிப்படி அறையின் பின்சுவர் வழியே ஏற்றி, தளத்தோடு கொண்டுபோய்த் தொட்டியில் சேர். வால்வையும் வை, வால்வு இல்லாத குழாயை அவர் குழாயென்றே ஒப்புக்கொள்ள மாட்டார். பொய் சொன்னால் எல்லாப் பக்கமும் பொருந்தச் சொல்ல வேண்டும்.

இப்போதிருக்கும் மாதிரியை நாளை துடைக்கும்போது கைநழுவ விட்டுவிடுகிறேன். தவறி விழுந்துவிட்டது என்பேன். அந்தச் சொல்லை நான் எங்காவது சொல்லிப் பழக வேண்டும்.

படங்களையும் என் வரைபடத்தையும் துறையில் தேநீர் போடும் அடுப்பில் எரித்துவிட்டேன். பதிலைத் துறை முகவரிக்கே எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா என்று உங்களைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிப்ரவரியிலேயே தெரிந்துவிட்டது. கணினி தப்பாகச் சொல்கிறது என்று மூன்று முறை முதலிலிருந்து ஓட்டினேன். மூன்று முறையும் அவள் அதே இடத்தில்தான் வந்து நின்றாள். வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருடத்தில் என் கணக்கு சரியாக வந்ததற்காக நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டது அன்றைக்குத்தான். உங்களுக்குக் கண் தெரியக் கூடாது என்றுகூட நினைத்தேன். மன்னியுங்கள்.

நீங்கள் சொன்னபடி செய்து அனுப்பியிருக்கிறேன். குழாய், வால்வு, எல்லாம் இருக்கின்றன. ஏழு ஊசிகளும் அதே இடத்தில்.

தம்பி

*

ஜூன் 30

அன்புள்ள மைத்துனருக்கு,

நலம், நாடுவதும் அதுவே. நான் கடிதம் எழுதிப் பழகாதவன். அலுவலகக் குறிப்பு எழுதியே காலம் போயிற்று. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இதை வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கிறேன். உங்கள் அக்காவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

முதல் மாதிரி கீழே விழுந்து உடைந்ததும், இரண்டாவது வந்து சேர்ந்தது. வேலைப்பாடு நன்று. இரண்டாவதில் குழாய் ஒழுங்காகத் தொட்டிக்குப் போகிறது. வால்வுகூட இருக்கிறது.

ஆனால் அந்த அளவுத் தொட்டியைத் தளத்தின் நடுவில் எவரும் வைப்பதில்லை. தண்ணீரின் கனத்தைத் தளம் தாங்காது, விரிசல் விட்டுவிடும். தூணும் உத்திரமும் சேருகிற மூலையில்தான் வைப்பார்கள். முதல் மாதிரியில் குழாய் எந்த மூலையில் போய் முடிந்ததோ, அங்கேதான் தொட்டி இருந்திருக்க வேண்டும். தொட்டியை அங்கே வைத்துப் பார்த்தால் கடைசி ஊசிக்கு உள்ளே இடமில்லை.

முதல் மாதிரியிலேயே எனக்குச் சந்தேகம். இரண்டாவதில் குழாய் இடம் மாறி வந்ததும் சந்தேகம் போய்விட்டது. வால்வு வரைக்கும் யோசிக்கிற புத்தி உங்களுக்குக் கிடையாது, தவறாக நினைக்க வேண்டாம். அது உங்கள் அக்காவின் வேலை. இவ்வளவு பாடுபட்டு எனக்காகச் செய்திருக்கிறாள். நான் நம்பியதாகவே இருக்கட்டும். அவள் இதிலிருந்து நிமிர வேண்டுமானால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் நினைக்க வேண்டும்.

ஒருநாள் அவள் துறைக்குப் போயிருந்தபோது ஏழாவது ஊசியைப் பிடுங்கி, வெளி விளிம்பில், அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் குத்திப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பழைய துளையிலேயே செருகிவிட்டேன். விளிம்பில் விழுந்த துளையைப் பற்பசை வைத்து அடைத்து, துணியால் துடைத்துவிட்டேன். வெள்ளையோடு வெள்ளை, தெரியாது.

அவளிடம் நான் கேட்கிற கேள்வியை ஒரேயடியாக நிறுத்தினால் சந்தேகப்படுவாள். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை கேட்பதாக இருக்கிறேன்.

எனக்குத் திருப்தி என்று அவளுக்கு ஒரு வரி எழுதவும். அது போதும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

*

ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானிடமிருந்து கடிதம் வந்தது. மாதிரி திருப்தியாக இருக்கிறதாம். குழாய் வேலையைத் தனியாகப் பாராட்டியிருக்கிறார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இங்கே வேறு விசேஷமில்லை.

தம்பி

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள தம்பிக்கு,

உன் மூன்று வரிக் கடிதம் வந்தது. நீ வளவளவென்று எழுதாவிட்டால் உனக்கு உடம்பு சரியில்லை என்று பொருள். மருத்துவரிடம் போ.

நாங்கள் நலம். உன் அத்தான் இப்போதெல்லாம் வாரத்துக்கு ஒருமுறைதான் கேட்கிறார். “தவறித்தானே?” என்பார். “தவறித்தான்” என்பேன். முகம் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சொல்லிவிட முடிகிறது. அவரும் தட்டைப் பார்த்துத்தான் கேட்கிறார்.

மாதிரியை நான்தான் துடைக்கிறேன். தெற்கு மூலையில், வெளி விளிம்பில், ஊசித் தலை அளவில் ஒரு பொட்டு. மற்ற வெள்ளையைவிடக் கொஞ்சம் வெளுப்பு. நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. உங்கள் அலுவலகத்தில் துளைகளைப் பற்பசை வைத்துத்தான் அடைக்கிறீர்களா என்று உன்னை நான் கேட்கப்போவதில்லை. நீ அடைத்தாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

உதிர்ந்த இடத்தில் எங்கள் பற்பசையையே வைத்து மறுபடி அடைத்துவிட்டேன். அவரைவிட எனக்குக் கை திருத்தம்.

இதற்குப் பதில் எழுதாதே. உன் மனைவிக்கு என் அன்பு.

அக்கா